தோத்த அன்னைக்கு என்ன பேசுறான்?

பந்தயச் சீட்டு இயந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் யாகோதா அதை உடனே கொடுத்துவிட மாட்டாள். தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படிப்பாள். பிறகுதான் கண்ணாடித் தடுப்பின் அடியிலுள்ள சந்து வழியாகத் தள்ளுவாள். படிக்கும்போது முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவள் வேலையின் நிபந்தனை. எங்கள் பிரோத் ஊர்க்காரர்கள் அத்தோடு விடுவார்களா? புருவம் அசைந்தால் ஒரு அர்த்தம், உதட்டை மடித்தால் ஒரு அர்த்தம் என்று அவள் முகத்துக்கே அகராதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

"இப்ப மூஞ்சியச் சுளிச்சியே, எதுக்கு?"

"சுளிக்கலண்ணே. தும்மல் வந்துது."

"எந்த மேட்ச்சைப் படிக்கும்போது வந்துது?"

நான் அந்தப் பந்தயக்கடைக்கு எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் என் கடைக்கு ஆள் வராது. யாகோதாவின் கடையில் காபி இலவசம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் ஏன் தினமும் அங்கே ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்பது விளங்கும். பிரோத்காரன் மகா கஞ்சன் என்று செர்பியா முழுக்க எங்களைக் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தக் குணத்தினால்தான் இத்தனை காலம் அங்கே உட்கார்ந்தும் ஒரு தினார்கூடக் கட்டாமல் இருக்கிறேன். என்னைப் போல இல்லாதவர்கள் நிறையப் பேர் அங்கே வருகிறார்கள்.

அவர்கள் கட்டுவதைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். ஐஸ்லாந்தின் மூன்றாம் பிரிவு, இந்தோனேசியாவின் இளையோர் அணி, பெயரை வாசிக்கவே முடியாத ஏதோ ஒரு ஊரின் பெண்கள் கைப்பந்து. பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். எல்லாமே பலித்தால்தான் காசு. ஆகவே தரை முழுக்கக் கிழிந்த சீட்டுகள் கிடக்கும், அவற்றின் மேல் சிகரெட் சாம்பல் விழுந்திருக்கும். "ஒரே ஒரு மேட்ச் கவுத்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வெளியேறாத ஆண்மகனை நான் இன்னும் பார்க்கவில்லை. யாகோதா சீட்டைப் படித்தவள் ஆயிற்றே, அவளுக்கு உண்மை தெரியும். நாலு ஆட்டம் கவிழ்ந்திருந்தாலும், "ஐயோ, ஒண்ணுதானா! பாவமே!" என்று அவளும் சேர்ந்து உச்சுக்கொட்டுவாள்.

ஆள் குட்டை. தானே பின்னிய கம்பளிச் சட்டையைக் கோடையில் மட்டும் கழற்றுவாள். சிகரெட் புகை பிடிக்காது என்பதால் இலையுதிர் காலம் முழுக்கக் கல்லாவின் பக்கத்தில் வாசனைக்காக ஒரு மஞ்சள் சீமைமாதுளைப் பழத்தை வைத்திருப்பாள். அவ்வப்போது அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைப்பாள். கணவன் லாரி ஓட்டுகிறான், பாதி நாள் ஜெர்மனியில். ஒரே மகன் ஸ்லொவேனியாவில். பள்ளியில் அவள் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தாள். அப்போதும் அதிகம் பேசமாட்டாள், கேள்வி மட்டும் கேட்பாள்.

கல்லாவின் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் இருப்பது பிஸ்கட் இல்லை, ஊர் ஆண்களின் சீட்டுகள். வீட்டுக்குக் கொண்டு போனால் மனைவிமார் சட்டைப்பையைத் துழாவுவார்கள் என்ற பயத்தில் கட்டிய சீட்டை அவளிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள். யாருடைய சீட்டு எது என்று அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒருவன் சீட்டை இன்னொருவனுக்குக் காட்டக் கூடாது, சொல்லவும் கூடாது. ஊரின் மறுகோடியிலுள்ள கிளையில் ஒரு பெண் இரக்கப்பட்டு ஒருவனின் சீட்டை அவன் மனைவிக்குக் காட்டினாள். நிஷ் நகரத்திலிருந்து மாதாமாதம் வரும் மேற்பார்வையாளர் கேமராவில் அதைப் பார்த்தார். அன்றே வேலை போயிற்று. அதே போன்ற கேமரா யாகோதாவின் தலைக்கு மேலேயும் இருக்கிறது.

அவளிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த நாளில் எவனும் தானே யோசித்துக் கட்டுவதில்லை. போனில் டிப்ஸ் அனுப்பும் ஆட்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் தன்னிடம் மட்டும்தான் உள்வட்டச் செய்தி இருக்கிறது என்கிறார்கள். யாரை நம்பிப் பணம் கட்டுவது? டயர் ஆலையில் வேலை பார்க்கும் சேதோமிர் ஒரு நாள் கண்ணாடித் தடுப்பில் மூக்கு ஒட்டும்படி குனிந்து கேட்டான்.

"யாகோதாக்கா, ஒருத்தன் மாசாமாசம் காசு வாங்கிட்டு டிப்ஸ் அனுப்புறான். சேரலாமா?"

"எனக்கென்னப்பா தெரியும்? நான் சீட்டு அடிக்கிறவ."

"சும்மா சொல்லுக்கா. நீ பார்க்காத சீட்டா?"

அறிவுரை சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"தோத்த அன்னைக்கு என்ன பேசுறான்?"

"தோத்த அன்னைக்கா? அன்னைக்கு ஆளையே காணோம். மறுநாள் வந்து, நடுவர் காசு வாங்கிட்டான்னு சொன்னான்."

"தோத்ததை வச்சிருக்கானா, அழிச்சிட்டானா?"

சேதோமிர் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். "காணோமே!"

"ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்றானா? இல்ல, முடிஞ்சப்புறம் வந்து 'அப்பவே சொன்னேன்ல'ங்கிறானா?"

"ரெண்டும் உண்டு."

"எவ்வளவு கட்டச் சொல்றான்?"

"கையில இருக்கிறது எல்லாத்தையும்."

"காபி ஆறுது பாரு. குடி."

இவ்வளவுதான் அவள் தீர்ப்பு. சேதோமிர் காபியைக் குடித்துவிட்டு அன்று மாலையே அந்த ஆளுக்குப் பணம் கட்டிவிட்டான் என்பது வேறு விஷயம்.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் யாகோதா இந்த டிப்ஸ்காரர்களின் குழுக்களில் சேர்ந்து, வாயே திறக்காமல் படித்துக்கொண்டிருப்பாள். பந்தயம் கட்ட அவளுக்கு அனுமதி இல்லை. வேடிக்கை பார்க்க இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் உங்களை ஏதாவதொரு பந்தயக்கடையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, நீங்கள் தோற்கத் தோற்க அந்தக் கடையிடம் பங்கு வாங்குகிறவர்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். "நீ ஜெயிச்சா அவனுக்கு என்ன லாபம்? அதை முதல்ல கேக்கணும். ஒருத்தனும் கேக்கிறதில்ல" என்றாள்.

இத்தனை ஆயிரத்தில் அவள் மதித்தது ஒரே ஒருவரைத்தான். நெகோதின் பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளியில் பூகோளம் நடத்தும் தீஹோமிர் என்பவர். சந்தா சொற்பம். அவர் எழுதுவதை யாகோதா எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். 'நேற்றுச் சொன்ன மூன்றும் தப்பு. யார் மேலும் பழி இல்லை, நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்று எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, கட்டாதீர்கள். வீட்டில் இருங்கள்.' தோற்றவை எல்லாம் முதல் நாளிலிருந்து அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஒரு துளியைத்தான் கட்டச் சொல்கிறார். வருடம் முடிந்து கூட்டிப் பார்த்தால் கொஞ்சம்போல லாபம். ஒரு நல்ல ஜோடிச் செருப்பு வாங்கலாம்.

அவரைப் பின்தொடர்கிறவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். நம்பிக்கையான ஆள் வேண்டும் வேண்டும் என்று அலைகிறவர்களுக்கு அப்படி ஒருவரைக் காட்டினால் முகம் சுருங்கிவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது நிச்சயம். நம்பிக்கைக்கும் நிச்சயத்துக்கும் நடுவில் எத்தனை தூரம் என்பதை நான் அந்த மேசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். தீஹோமிரைப் பற்றிக் கேட்டதும் ராதிசாவ் சொன்னார்:

"வீட்ல இருன்னு சொல்றதுக்கு ஒருத்தன் எதுக்கு? அதை என் பொண்டாட்டி சும்மாவே சொல்றா!"

கடையே சிரித்தது. யாகோதாவும் சிரித்தாள்.

ராதிசாவ் அவளுடைய கும். எங்களில் அந்த உறவுக்கு மேலே ஒன்றும் கிடையாது. அவள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், அவள் மகனுக்குப் பெயர் வைத்து ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவர். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கலாம், ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. கும்மோடு மனம் கசந்தால் ஊர் பேசும், கடவுளும் மன்னிக்க மாட்டார் என்று நாங்கள் நம்புகிறோம். அவர் அவளை 'குமோ' என்று கூப்பிடுவார், அவள் அவரை 'குமே' என்பாள். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர். பெரிய மீசை, பெரிய குரல், கையில் எது இருந்தாலும் பகிர்ந்து தின்னும் மனசு. பிரோத்தில் இப்படி ஒரு ஊதாரி எப்படிப் பிறந்தான் என்று அவருடைய அப்பாவே ஆச்சரியப்பட்டதாகச் சொல்வார்கள்.

அவர் வீட்டுக் கூரை நாலைந்து மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. அவர் மனைவி வீட்டிலுள்ள அண்டா குண்டானையெல்லாம் தரையில் பரப்பி வைத்திருக்கிறாள். இந்த வருடம் பனி விழுவதற்கு முன் ஓடு மாற்றிவிடுவது என்று முடிவாகி, ஆடுகளை விற்று, ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, ஒரு கட்டுப் பணம் சேர்த்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மார்ஷல்.

மார்ஷலின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. போனில் அவனாகவே செய்தி அனுப்பினான். முதல் சில வாரம் இலவசம். எங்கள் ஊர் மண்ணில் அந்த ஒரு சொல் எப்படி வேர்பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு கூடைப்பந்து ஆட்டம். உள்ளூர் அணி ஜெயிக்கும் என்றால் 1, வெளியூரிலிருந்து வந்த அணி என்றால் 2. நடுவில் வேறெதுவும் இல்லை. கட்டிய சீட்டின் மேல் 'வணக்கம், மார்ஷல்!' என்று பேனாவால் எழுதிப் படம் பிடித்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அது விசுவாசத்துக்கு அடையாளமாம். ஜெயித்த சீட்டுகளை அவன் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுவான். இன்னொரு ஆணையும் உண்டு: வெளியே மூச்சு விடக் கூடாது. அதை அவன் சொல்லவே தேவையில்லை. டிப்ஸை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுப் பலிக்காமல் போகும் என்று எங்கள் ஆட்கள் எப்போதுமே நம்புகிறவர்கள்.

ஆகவே மார்ஷலின் ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவனும் தான் மட்டுமே ரகசியம் தெரிந்தவன் என்ற மிதப்பில் காபி குடித்தான். பேனா மட்டும் யாகோதாவுடையது. 'அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடு' என்று வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வணக்கம் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

ராதிசாவுக்கு வாரம் தவறாமல் பலித்தது. சிறிய தொகைதான், ஆனாலும் பலித்தது. அவர் நடையே மாறிவிட்டது. "குமோ, இது விளையாட்டில்ல. இந்த ஆளுக்கு உள்ளேருந்து சேதி வருது. எழுதி வச்சுக்க" என்பார். யாகோதா சீட்டைப் படித்துவிட்டுத் தள்ளுவாள்.

ஒரு மதியம் கடையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்க்கரைப் பொட்டலங்களை ஒரு குவியலாகக் கொட்டினாள்.

"இத்தனை பேருக்கு அவன் சேதி அனுப்புறான்னு வச்சுக்க. பாதிப் பேருக்கு 'ஒண்ணு ஜெயிக்கும்'ங்கிறான். பாதிப் பேருக்கு 'ரெண்டு ஜெயிக்கும்'ங்கிறான்." குவியலை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஒதுக்கித் தள்ளினாள். "இவங்க தோத்தாங்க. வெட்கத்துல வாயத் திறக்கமாட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கு மறுபடி பாதிப் பாதி." இன்னொரு முறை பிரித்தாள், ஒதுக்கினாள். மறுபடியும். கடைசியில் விரல்விட்டு எண்ணும் அளவு பொட்டலங்கள் மிஞ்சின. "இவங்களுக்கு அவன் இதுவரைக்கும் தப்பே பண்ணல. இவங்களுக்கு அவன்தான் சாமி. இப்பப் போய், காசு குடு, பெரிய ஆட்டம் சொல்றேன்னு கேட்டா குடுக்காம என்ன பண்ணுவாங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு விதமும் என் கைவழியாத்தான் போகுது. ரெண்டுலயும் அதே வணக்கம்." மிஞ்சியதில் ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "இது என் கும்."

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? யார் சீட்டுன்னு கேட்டா?"

ஆனாலும் சொன்னாள். அவள் வீட்டு ஸ்லாவா நவம்பரில் வருகிறது. வீட்டின் காவல் புனிதருக்குரிய அந்த நாளில் யாரையும் அழைப்பது கிடையாது, வரவேண்டியவர்கள் வருவார்கள். நானும் போயிருந்தேன். கோதுமைப் பொங்கலை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, ரக்கியாச் சாராயத்தை எடுக்கச் சமையலறைப் பக்கம் போனபோது இருவரும் அடுப்படியில் நின்றிருந்தார்கள்.

"குமே, அந்த மார்ஷலை விட்டுடுங்க. அவன் ஆளுக்கு ஒண்ணு சொல்றான். ஒரே ஆட்டத்துக்கு ஒருத்தன் ஒண்ணு கட்டுறான், இன்னொருத்தன் ரெண்டு கட்டுறான். ரெண்டு பேரும் அவன் ஆளுங்க. என் கண்ணால பார்த்தேன்."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"அதைச் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாது. ஆனா நான் மட்டும் நம்பணும்."

"நான் உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

ராதிசாவின் பெரிய குரல் அன்றைக்கு ஏனோ தாழ்ந்துபோயிருந்தது. "குமோ, நீ யார்கிட்ட சம்பளம் வாங்குற? நான் ஜெயிச்சா யார் பணம் போகும்? அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து உக்காந்து நீ அவங்க ஆளாவே ஆயிட்ட."

யாகோதா, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைத்த சார்மாப் பாத்திரத்தின் மூடியை எடுத்தாள், மறுபடி மூடினாள். அவர் திரும்பி வந்து, மேசைத் தலைமாட்டில் கும்முக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வறுத்த இறைச்சி வருவதற்குள், தலைவலி என்று எழுந்து போய்விட்டார். ஸ்லாவா மேசையிலிருந்து கும் பாதியில் எழுந்து போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அந்தக் கிழவனைத் தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்கலாமா என்றிருந்தது. யாகோதா விருந்தாளிகளுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தாள். எல்லாருக்கும் இரண்டாம் முறை சார்மா வைத்தாள், வேண்டாம் என்றவர்களுக்கும் வைத்தாள்.

அடுத்த நாள் கடையில் அவள் சீட்டுகளைப் படிக்காமலே தள்ளினாள். ஆட்கள் கலங்கிப்போனார்கள். "என்னக்கா, என் சீட்டு அவ்வளவு மோசமா?" என்று ஒருவன் கேட்டான்.

மார்ஷலின் பெரிய ஆட்டம் சனிக்கிழமை வந்தது. லித்துவேனியாவில் ஏதோ இரண்டு சிற்றூர்களின் கூடைப்பந்து. இந்த முறை செய்தி இலவசம் இல்லை, காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். காலையில், என் கடையைத் திறக்குமுன் நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஆலைக்குப் போகிற வழியில் சேதோமிர் வந்தான். ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கட்டினான். பேனா வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி எழுதினான், படம் பிடித்தான். "டப்பாவுல பத்திரமா வையிக்கா. வீட்ல மாட்டினா செத்தேன்" என்று சீட்டை அவளிடமே விட்டுவிட்டு ஓடினான். அவன் கட்டியது 2 என்பது எனக்கு அப்போது தெரியாது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ராதிசாவ் நனைந்த தொப்பியோடு உள்ளே வந்தார். ஸ்லாவாவுக்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பணக்கட்டை எடுத்தார். ரப்பர் வளையம் போட்ட கட்டு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது கூரைப் பணம்.

"கும்முக்கு வணக்கம்" என்றாள் யாகோதா.

"வணக்கம். லித்துவேனியா ஆட்டம். ஒண்ணு." பணத்தைச் சந்தின் முன்னால் வைத்தார். "முழுசும்."

அவள் இயந்திரத்தைத் தொடவில்லை. குனிந்து டப்பாவைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாள். அதைச் சந்து வழியாக நீட்டி, அவருடைய பணத்துக்குப் பக்கத்தில் படிக்கிற மாதிரி வைத்தாள். நான் இருந்த மேசையிலிருந்தே தெரிந்தது: அதே ஆட்டம், எதிரே 2, குறுக்கே நீல மையில் 'வணக்கம், மார்ஷல்!'

ராதிசாவ் குனிந்து பார்த்தார். சிக்னல் பார்த்த கண், தூரத்திலிருந்தே எண்ணைப் பிடித்துவிடும். ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். வெளியே மழை வலுத்தது. தொலைக்காட்சியில் யாரோ கத்திக்கொண்டிருந்தான்.

"இது யாரோடது?"

"யாரோடதோ."

"தப்பாப் படிச்சிருப்பான். ஒண்ணை ரெண்டுன்னு படிச்சிருப்பான் மடையன்."

"குமே."

"மடையன்தான். எத்தனை மடையன் இருக்கான்!" அவர் ஒரு விரலை நீட்டி அந்தச் சீட்டைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு பணக்கட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். "சீட்டை அடி, குமோ. ஒண்ணு."

யாகோதா முகத்தை நிமிர்த்தித் தன் தலைக்கு மேலிருந்த கேமராவைப் பார்த்தாள். அவரும் அவள் பார்வை போன திசையில் பார்த்தார், அந்தச் சின்னச் சிவப்பு விளக்கை. பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவள் சந்து வழியாக முழங்கைவரை கையை வெளியே விட்டு, சீட்டை மறுபடி நிமிர்த்திப் போட்டு, இரண்டு விரலால் அதன் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவன், "அக்கா, மேட்ச் ஆரம்பிக்கப்போகுது" என்று இரண்டு முறை சொன்னான். அவள் கையை எடுக்கவில்லை.